எஸ்டிரேம் போர்டு ஓடிருச்சு, டேட்டா லைன மாத்துங்க தைரியமா

எஸ்டிரேம்னா சிப்புக்கு வெளிய வைக்கற மெமரி, அதோட 8 எம்பியும் பாஸ்! ஒவ்வொரு இடத்துலயும் அதோட அட்ரஸையே எழுதி, முழுசும் எழுதினப்புறம் மொதல்லருந்து படிச்சு பாக்குற டெஸ்ட்டு, 90 மெகாஹெர்ட்ஸ்ல ராத்திரி பூரா ஓடுச்சு, ஒரு பிட் தப்பல. எஸ்டிஎம்32எஃப்429 மைக்ரோகண்ட்ரோலர் (எம்சியூ), கூட 16 பிட் எஸ்டிரேம், நாலு லேயர் போர்டு. மாமா வல்லத்துக்கு மேப் ஸ்க்ரீன் செய்றேன், 800x480ல 16 பிட் கலர்னா ஒரு ஃப்ரேமே 7,68,000 பைட், சிப்புக்குள்ள இருக்கற ரேம் 256 கேபிதான்.

நேரம் தின்னது டேட்டா லைன்தான். எம்சியூவோட டேட்டா 0 மெமரியோட 0க்கு, 1 அதோட 1க்குன்னு இழுத்தா சிக்கு விழுந்த வலைதான், குறுக்க போற எடமெல்லாம் வயா (லேயர் மாறுற துளை). ஆனா எஸ்டிரேமுக்கு எந்த பிட் எந்த கால்ல வருதுன்னு கவலையே கிடையாது, போன வழியாவேதானே திரும்பி வருது, அதனால 0-7க்குள்ள இஷ்டத்துக்கு மாத்தலாம், 8-15க்குள்ளயும் அப்படியே. பைட் தாண்டி மட்டும் கலக்காதீங்க, எல்டிக்யூஎம் யூடிக்யூஎம்ங்கற ரெண்டு மாஸ்க் காலும் பைட் பைட்டாத்தான் டேட்டாவ மறைக்கும். மாத்துனப்புறம் எனக்கு டேட்டால ஒரு வயா கூட இல்ல!

அட்ரஸ் லைன்ல கை வைக்கவே கூடாது, மோட் ரிஜிஸ்டர் (மெமரியோட செட்டிங்) அது வழியாத்தான் லோடாகுது, ஏ10ங்கற அட்ரஸ் லைன் வேற ப்ரீசார்ஜ் (தொறந்த வரிசைய மூடற) வேலை பாக்குது. சாதா எஸ்ரேம்ங்கற வேற வகை மெமரின்னா அதையும் மாத்தலாம். பேரலல் நார் ஃப்ளாஷ் மெமரில டேட்டாவையே தொடாதீங்க, கமாண்டு அதுல போகுது.

லைன் நீளத்த சமமாக்க நெளிநெளியா வளைக்கறது இந்த வேகத்துக்கு தேவையே இல்லங்கறது என் கட்சி. ஒரு க்ளாக் 11 நானோசெகண்ட், எஃப்ஆர்4 போர்டுல 1 செமீ வித்தியாசம் சுமார் 70 பிகோசெகண்ட், இதுல என்ன வந்துடப்போகுது? அந்த உழைப்ப கிரவுண்டுல போடுங்க. ரெண்டாவது லேயர்ல ஒரு வெட்டு கூட இல்லாம கிரவுண்ட், க்ளாக் மேல் லேயர்லயே, எம்சியூ காலை ஒட்டி 33 ஓம் ரெசிஸ்டர், மெமரியோட 7 பவர் காலுக்கும் தனித்தனியா 100 நானோஃபாரட் கெபாசிட்டர்.

பொடி கெபாசிட்டரெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்தான், மெட்ராஸ் போறவங்ககிட்ட சொல்லிவிட்டா ராம்நாட் வந்துரும், கொஞ்சம் கூடவே வாங்கி வச்சுக்கங்க.

டிஸ்பிளே கனெக்டர் இன்னும் வைக்கல, அதுக்குள்ள மண்டபம் உப்புக்காத்து நெனப்புதான் ஓடுது. மெமரில 0.8 மிமீக்கு ஒரு கால், அதுக்கு நடுவுல சால்டர் ஃப்ளக்ஸ் மிச்சம் நின்னா ஈரத்த இழுத்து காலெல்லாம் பச்ச பூத்துரும். ஐபிஏல (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) கழுவி அக்ரிலிக் கோட்டிங் அடிக்கலாம்னு இருக்கேன், கனெக்டர் வாய்க்கு டேப் ஒட்டிட்டு. வாடக்காத்து தொடங்குறதுக்குள்ள வல்லத்துல ஏத்தணும். போட்ல போர்டு வச்சிருக்கவங்க, அக்ரிலிக் தாங்குதா, இல்ல சிலிக்கான் கோட்டிங்தானா?