பெயர் மட்டும் வரவில்லை

பக்கத்து மேசையில் 12 வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர், எதிரே வந்து தோளைத் தட்டுகிறார். கூட இருந்த மகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும், பெயர் வரவில்லை. இடது கையால் எழுதுவார், கோபம் வந்தால் காது சிவக்கும், எல்லாம் ஞாபகம் வருகிறது. பெயர் 'ச'வில் ஆரம்பிக்கும் என்பதுகூடத் தெரிகிறது, அதற்கு மேல் நகரமாட்டேன் என்கிறது. ராத்திரி பல் தேய்க்கும்போது கூப்பிடாமலே வந்து நின்றது. (இங்கே எழுத மாட்டேன், அவர் படித்தால் வம்பு.)

அதே வாரம் திருப்புளி என்ற சொல் வராமல் "அந்த முறுக்குற சாமான்" என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். எனக்கு 59 வயது, பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் நரம்பியல் மருத்துவரிடம் போவதை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன், ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றுதான்.

அவர் என்னைவிட மகளிடம்தான் அதிகம் கேட்டார். பழகின வழியில் தடுமாறுகிறாரா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, பணக் கணக்கில் குழம்புகிறாரா. "அதெல்லாம் இல்லை, இவராகத்தான் பயந்துபோயிருக்கிறார்" என்றாள். அப்புறம் என்னென்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்டார். தும்மலுக்கு ராத்திரிதோறும் பழைய வகை அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டுவந்தேன், போட்டால் தூக்கம் தள்ளும். அந்த வகை மாத்திரை ஞாபகத்தையும் மந்தமாக்கும் என்று நிறுத்தச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரி, பி12 குறைவு. ஊசி எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்கும் மோக்கா என்ற தேர்வு, 30 மதிப்பெண், 26-க்குக் குறையாமல் இருந்தால் பொதுவாகச் சரி. கடிகாரம் வரைந்து 11.10 காட்ட வேண்டும், அது சுலபம். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்ததில் 79 வரை போய் மாட்டிக்கொண்டேன். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, வேறு வேலையெல்லாம் வாங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். மூன்றுதான் வந்தது, உள்ளங்கை வேர்த்துவிட்டது. துப்புக் கொடுத்ததும் இன்னொன்று வந்தது, ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாதாம். மொத்தம் 27.

பெயர் மட்டும் ஏன் நழுவுகிறது என்று கேட்டேன். ஒருவரின் முகம், வேலை, குணம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், பெயர் வெறும் ஓசை, அதைப் பிடிக்க ஒரே ஒரு இழைதான், வயதாக ஆக அது தளரும் என்றார். 1987-ல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்: பேக்கர் என்றால் ஆங்கிலத்தில் ரொட்டி சுடுபவர், அது ஆட்களின் பெயராகவும் வரும்; அந்த ஒரே சொல்லை இவருடைய தொழில் என்று சொன்னால் நினைவில் நிற்கிறது, பெயர் என்று சொன்னால் போய்விடுகிறது.

மாத்திரையை விட்டு, ஊசி போட ஆரம்பித்த பிறகு காலையில் இருந்த மந்தம் குறைந்திருக்கிறது. எது உதவியது என்று தெரியாது, இரண்டும் இருக்கலாம். பெயர்கள் இன்னும் நழுவத்தான் செய்கின்றன. முன்னே மாதிரி நின்று மல்லுக்கட்டுவதில்லை. முக்கி முக்கித் தேடினால் அந்தத் திணறலே பழகிவிடும் என்கிறார்கள், அதனால் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். திருப்புளி மட்டும் இப்போது கேட்காமலே வருகிறது, இவ்வளவு தடவை சொன்னதில்.