பொந்துக்குள் தெரிந்த சிலந்திவலை

முதிய மரங்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கத் தொடங்கிய பிறகுதான், பச்சை நிறம் என் கண்ணை எவ்வளவு காலம் திசைதிருப்பி வந்திருக்கிறது என்பது புரிந்தது. வண்ணப் படத்தில் இலைத்திரளே முதலில் கண்ணை இழுக்கும்; நிறத்தை நீக்கிவிட்டால், அடிமரத்தின் வெடிப்புகளும் முண்டுகளும், கிளை முறிந்த தழும்பைச் சுற்றி உதடுபோல மடிந்து வளர்ந்த புதுப்பட்டையும் முன்னே வந்து நிற்கின்றன.

உச்சிவெயில் இதற்கு உதவாது. இலைகளின் ஊடே விழும் வெயில் பட்டையெங்கும் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கிவிடுவதால், மேகமூட்டமான காலைகளையே தேர்ந்தெடுக்கிறேன்; மழை விட்ட உடனே என்றால் இன்னும் நல்லது, நனைந்த பட்டை நன்றாகக் கறுத்திருக்கும்.

லென்ஸின் முன் பொருத்தும் சிவப்பு வடிகட்டி நீல வானத்தைக் கருக்கும், ஆனால் இலைகளையும் சேர்த்து இருளாக்கிவிடும். பச்சை வடிகட்டி இலைகளை வெளிறச் செய்யும். அகச்சிவப்புப் படத்தில், இலைகள் அக்கதிர்களை மிகுதியாகப் பிரதிபலிப்பதால், பனி மூடியதுபோல வெண்மையாகத் தெரியும். பலருக்கு அது பிடிக்கும். எனக்கென்னவோ மரம் பேயாகிவிடுவதாகவே தோன்றுகிறது.

ஒளிமானி எதை அளந்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கொள்ளும் என்பதை மறந்து, ஒருமுறை இருண்ட பொந்தை மட்டும் அளந்து, ஒளி மிகையாகி, ஒரு படச்சுருள் முழுவதையும் வீணாக்கினேன். ஒளிப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த, கறுப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களை மண்டலங்களாகப் பிரித்து ஒளியளவைத் தீர்மானிக்கும் மண்டல முறைப்படி, நிழலை அளந்து, ஒளியை இரண்டு நிறுத்தங்கள், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறைத்து அதே பொந்தை மீண்டும் எடுத்தேன். உட்சுவரின் மரநார்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஓரத்தில் ஒரு கிழிந்த சிலந்திவலையும்.