மாரிக்குள் குட்டிக் கள்ளிகள்: இதுவரை

விதை போட்டு ஒரு வருசம் தாண்டிவிட்டது. அஸ்ட்ரோபைட்டம் அஸ்டீரியாஸ் என்ற கள்ளியின் கண்டுகளில் பெரியது இப்போதுதான் பட்டாணி அளவுக்கு வந்திருக்கிறது. "இது உயிரோடதான் இருக்குதோ பிள்ளை?" என்று அம்மா கேட்காத நாளில்லை. இருக்கிறது. பூதக்கண்ணாடியால் பார்த்தால் பச்சைத் தோலில் பொடி வெள்ளைப் புள்ளிகள் வரிசை கட்டுவது தெரிகிறது.

இதன் விதை ஒரு குட்டித் தொப்பி மாதிரி, பழுப்பு நிறம், நடுவில் குழி. தண்ணீரில் போட்டால் மிதக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணால் மூடவில்லை. மேலே தூவி, டப்பாவைத் தெளிந்த மூடியால் மூடி வைத்தேன். சில நாளிலேயே முளை வந்துவிட்டது. அவசரமெல்லாம் அத்தோடு சரி, அப்புறம் ஆமை வேகம்தான்.

மண்ணுக்குக் கழுவிய ஆற்று மணல், பொடிச் சல்லி, உடைத்த செங்கல், கொஞ்சமே கொஞ்சம் தும்புத்தூள். கடற்கரை மணல் கையெட்டும் தூரத்தில் கிடந்தாலும் அதில் உப்பு, வேண்டாம்.

திருகோணமலை வெயில் கள்ளிக்குத் தோதுதானே என்பார்கள். வெயில் பிரச்சினையே இல்லை, மழை வரும் நேரம்தான் பிரச்சினை. இந்தச் செடியின் சொந்த இடம் மெக்சிக்கோவின் வடகிழக்கும் டெக்சஸின் தென்கோடியும். அங்கே மழையில் பெரும்பங்கு வெப்ப மாதங்களில் விழும், குளிர்காலத்தில் செடி காய்ந்து ஓய்வெடுக்கும். நமக்கோ அதே குளிர்காலத்தில்தான், ஒக்டோபரில் தொடங்கி, வானம் ஊற்றித் தள்ளும். அதனால் மாரி தொடங்கியதும் சட்டிகளை விறாந்தைக்குள், காற்றோட்டமான மரப் பலகைக்கு ஏற்றிவிட்டேன். தண்ணீர் அநேகமாக நிறுத்தம். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் மண் முழுக்கக் காய்ந்த பிறகு தாராளமாக விடுகிறேன், அதுவும் பொழுது சாயும் நேரத்தில். கள்ளி பகலில் தோலிலுள்ள துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். எங்கள் புழுக்கமான இரவுகள் அதற்கு அவ்வளவு பிடிப்பதில்லை. அண்டீஸ் மலைக்காரியான ரெபூட்டியா கள்ளியை நான் ஆசைப்பட்டும் வாங்காததற்கு அதுவே காரணம்.

ஒரு விசயம்: அஸ்டீரியாஸ், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடுங்கிய செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள், விதையில் வளர்த்ததே போதும்.

அடுத்து ஒட்டு. கடையில் விற்கும் சிவப்பு உருண்டைக் கள்ளிக்குப் பச்சையமே கிடையாது, கீழே இருக்கும் டிராகன் பழக் கொடிதான் அதற்குச் சோறு போடுகிறது. அதே கொடியில் என் கண்டு ஒன்றை ஏற்றினால் பல மடங்கு வேகமாகப் பெருக்கும். ஊதிப்போன தோற்றம் எனக்கு அவ்வளவு பிடிக்காது, ஆனால் விதை எடுக்க ஒன்றிரண்டு வேண்டும். இரண்டையும் சீவி, நடுவில் தண்ணீரும் சத்தும் ஓடும் குழாய்களின் வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து றப்பர் பான்ட் போட வேண்டும். வெட்டுக்காயம் அழுகாமலிருக்க ஈரம் குறையும் மாசி, பங்குனிதான் நல்லது. பக்கத்து வளவு அக்காவின் மதிலில் கொடி செழித்துக் கிடக்கிறது. ஒரு துண்டு கேட்டதற்கு, "பழம் ஆஞ்ச பிறகு வெட்டு, இப்ப கத்தியோட வந்திராத" என்று சொல்லிவிட்டார்.