டெட்ராஹைமினாவில் வெள்ளி பிடித்தது!

ஒருவழியாக வெள்ளிச் சாயம் சரியாக ஏறிவிட்டது. டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் உடல் நெடுகக் கரும்புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பேசல் பாடி, அதாவது செல்லை நீந்தவைக்கும் மயிர்போன்ற குற்றிழையின் அடிப்பகுதி. நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்க மனமே வரவில்லை.

கிளைன் என்ற ஆய்வாளர் 1926இல் சொன்ன உலர் முறைதான்: செல்களை ஸ்லைடில் உலர்த்தி, சில்வர் நைட்ரேட் ஊற்றி, அலசி, ஒளியில் காட்டுவது. ஸ்லைடில் முட்டை வெள்ளை தடவுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைப் படுத்தி எடுத்தது சில்வர் நைட்ரேட்டை வடித்த பிறகு அலசும் கட்டம். மூன்று நொடி, அவ்வளவுதான். கூடினால் புள்ளிகளில் தங்க வேண்டிய வெள்ளியும் கரைந்து போகிறது. குறைந்தால் விளக்கைக் காட்டியதும் பின்புலமெல்லாம் கறுக்கிறது. ஸ்லைடை நீரில் முக்கி ஆட்டுவதைவிட, சாய்த்துப் பிடித்து மேலிருந்து ஒரே வீச்சில் நீரை ஓடவிடுவது எவ்வளவோ மேல். வளர்ப்பு ஊடகத்தின் உப்பு துளி மிஞ்சினாலும் சில்வர் குளோரைடு பால்போல் திரண்டு காரியத்தைக் கெடுக்கும். செல்களைக் காய்ச்சி வடித்த நீருக்கு மாற்றிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும்.

இந்தப் புள்ளிகள்மேல் இத்தனை ஆசை ஏன்? ஒவ்வொன்றும் மும்மூன்றாய் ஒட்டிய நுண்குழல்கள் ஒன்பது தொகுதியாக வட்டமிட்டு நிற்கும் உருளை. அந்த ஒன்பது என்ற கணக்குக்கு அடிப்படை சாஸ்-6 புரதம் கட்டும் சக்கரம். காமா டியூபுலின் என்ற புரதத்தை நிறுத்தினால் புதிய பேசல் பாடிகள் பிறப்பதில்லை. போக்-1 புரதம் இல்லாத செல், 37 டிகிரி செல்சியஸில் இருப்பவற்றையே இழக்கிறது. வரிசை கோணாமல் நிற்பதற்கு, பேசல் பாடியிலிருந்து முன்னோக்கி நீளும் கைனடோடெஸ்மல் இழை வேண்டும். டிஸ்-ஏ புரதம் கெட்டால் அது குட்டையாகி, பேசல் பாடிகள் திசை மாறிவிடுகின்றன. வெள்ளி இந்தப் புரதங்கள் எதையும் காட்டாது, அவை செய்து முடித்த வேலையைக் காட்டும். எனக்கு அதுவே போதும். சில வரிசைகளில் நெருங்கிய இரட்டைப் புள்ளிகள் தெரிகின்றன. புதியது பழையதற்கு முன்புறம் முளைக்கும் என்பதால், இவை தாயும் சேயுமாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்லைடுகளைப் பிசின் வைத்து இன்னும் மூடவில்லை, அதற்குள் மனம் பாரமீசியம் என்ற இன்னொரு ஒருசெல் உயிரிக்குத் தாவிவிட்டது. அதில் தலைகீழாகத் திரும்பிய குற்றிழை வரிசை, மரபணு மாறாமலே தலைமுறைகளுக்குத் தொடர்வதை 1965இல் பெய்சன், சோன்போர்ன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படி ஒரு வரிசையை என் கண்ணால் பார்க்க வேண்டும். செல்லின் உள்ளே ஓடும் இழைகளைப் பார்க்கப் புரோட்டார்கால் என்ற வெள்ளி-புரதச் சாயம் தேவை. நல்ல தூள் கிடைப்பதுதான் பெரும்பாடு, ஒரு புட்டி போல் அடுத்தது இருப்பதில்லை. சிறு அளவில் விற்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.