குழாய் பஞ்சுக்குள்ள குடியிருக்கற மீன்

பெலீஸ் நாட்டு பவளப்பாறைல எலக்கட்டினஸ் லோரின்னு ஒரு மீன் இருக்கு, கோபின்னு சொல்ற சின்ன மீன் குடும்பம், முழுசா வளந்தாலும் அஞ்சு சென்டிமீட்டர் பக்கம்தான். மஞ்சளா, பிரவுனா குழாய் குழாயா நிக்குமே கடல் பஞ்சு (ஸ்பாஞ்ச், பாறைல ஒட்டி வாழற ஒரு உயிரினம்), அதுக்குள்ளதான் குடியிருக்கு, முட்டையும் அந்த குழாயோட உள் சுவத்துலயே ஒட்டும், ஆண் மீன்தான் காவல். அக்வேரியம் வச்சிருக்கவங்களுக்கு நியான் கோபி தெரிஞ்சிருக்கும், பெரிய மீன் மேல ஏறி ஒட்டுண்ணி பொறுக்கி சாப்பிடுமே, அதோட சொந்தம்தான் இது. ஆனா பஞ்சுல வாழற கோபிங்க அந்த வேலைக்கு போறதில்ல, பஞ்சுக்குள்ளயே கூட்டம் கூட்டமா இருக்கற பொடி புழுக்களத் தின்னே பொழச்சுக்கும்.

2002ல பேட்ரிக் காலின்னு ஒரு ஆராய்ச்சியாளர் இந்த மீனுக்கு பேர் வச்சப்போ தன் மனைவி லோரி பேர வச்சாரு, அப்புறம் 2009ல ராண்டல், லோபெல்னு வேற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பெலீஸ்லயே இன்னொரு பஞ்சு கோபிக்கு காலின் பேர வச்சாங்க. புருஷன் பொண்டாட்டி பேர்ல ரெண்டு மீனும் ஒரே கடல்ல! எனக்கு இது ரொம்பவே பிடிச்சிருக்கு.

ஆனா நான் எழுத வந்தது குஞ்சுங்களப் பத்தி. பொரிஞ்ச உடனே பஞ்சை விட்டு வெளிய கடலுக்கு போயிடும், ஏறக்குறைய 26 நாள் அங்கதான் வளரும், அப்புறம்தான் திரும்பி பாறைக்கு வரும். இத்தனை நாள் கடல்ல இருந்தா நீரோட்டம் எங்கயோ தூரமா அடிச்சிட்டு போயிடும்னுதானே தோணும்? பாஸ்டன் யுனிவர்சிட்டில பீட்டர் பஸ்டன் டீம்ல கேசிடி டி'அலோயா எல்லாம் சேர்ந்து 41 கிலோமீட்டர் நீளத்துக்கு பாறைய அலசி, ஆயிரக்கணக்கான மீன்கிட்ட டிஎன்ஏ எடுத்து, எந்த குஞ்சு எந்த அப்பா அம்மாவோடதுன்னு பொருத்திப் பாத்தாங்க, ஒவ்வொரு பஞ்சா இறங்கி தேடற வேலை அது, யோசிச்சாலே மலைப்பா இருக்கு. 2015ல ரிசல்ட் வந்துச்சு: பாதி குஞ்சுங்க பொறந்த எடத்துலேர்ந்து 1.7 கிலோமீட்டருக்குள்ளயே குடியேறியிருக்கு, ரொம்ப தூரம் போனதே 16.4 கிலோமீட்டர்தான்.

கடல் காப்பகம் அமைக்கறவங்க இத கட்டாயம் கணக்குல எடுக்கணும். ஒரு காப்பகத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அம்பது கிலோமீட்டர் விட்டா, வேற மீன் வேணா தாண்டி வரலாம், இந்த மீனோட குஞ்சு வராது, நடுவுல இருக்கற பஞ்சுங்க அழிஞ்சா அந்தப் பக்கம் திரும்ப குடியேற ஆளே இருக்காது.