சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் நேரமும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் இறங்காமல் பறக்கும் விமானத்தில் பயணம் செய்வோர் தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியே புரிந்துகொள்வது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டு நகரங்களும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய 178 பாகை விலகி, பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டியே செல்லும். அந்தக் குறுகிய வழியின் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. நடு அட்சரேகைகளில், உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டம் முதுகில் தள்ளினால், கூடுதல் தூரம் பறந்தாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். அதனால் போகும்போது பசிபிக்கின் மேலாகவும், திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக்கின் மேலாகவும், இரு முறையும் கிழக்கு நோக்கியே பறப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பயண நேரம் ஏறத்தாழ பதினெட்டரை மணி. இதற்கெனவே உருவான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே உண்டு. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், நள்ளிரவில் கிளம்புபவர் அதே தேதியின் காலை ஐந்தரைக்கே போய் இறங்குவார். கோடையில் அது ஆறரை. விடுதி அறையை முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்வது உத்தமம்.