ஃப்யூஸ் கட்டையைக் கழற்றினால் என்னென்ன வெளியே வரும்

வீட்டின் பழைய ஃப்யூஸ் போர்டை மாற்றலாம் என்று நான் பேச்செடுக்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார்: "இத்தனை வருஷமா ஓடுதுல்ல? ஓடுறதை ஏன் கைவைக்கணும்?" ஓடியது வாஸ்தவம். எதனால் ஓடியது என்பது பீங்கான் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

15 ஆம்பியர் கட்டையில் 0.5 மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி ஒன்று இருக்க வேண்டும். எங்கள் கட்டையில் ஏதோ ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளைக் கற்றையாக முறுக்கிக் கட்டியிருந்தது. அது உருகுவதற்குள் சுவருக்குள் போகும் ஒயர் உருகிவிடும். சரியான கம்பியே போட்டிருந்தாலும், இந்த வகை ஃப்யூஸ் உருக அதன் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். ஃப்யூஸுக்குப் பதில் வரும் தானியங்கி ப்ரேக்கரான எம்.சி.பி.யில் 16 ஆம்பியருக்குக் கணக்கு கறார்: 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும், 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் சொச்சம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே, அதாவது தானே ஆஃப் ஆகியே, தீர வேண்டும். ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் இழுத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். லீவரை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே வெட்டுவது நிற்காது.

"இந்தப் புது சமாச்சாரமெல்லாம்..." என்று அப்பா இழுத்தார். ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது 1924இல் என்று சொன்னேன். அவரைவிட மூத்தது என்றதும் கொஞ்சம் மரியாதை வந்தது.

வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் காட்டியது கம்பியைக்கூட அல்ல, நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில், இருந்த ஃப்யூஸை. பழைய போர்டுகளில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு கட்டை வைப்பார்கள். நியூட்ரல் கட்டை மட்டும் போய்விட்டால் லைட் அணைந்துவிடும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். "பல்பு எரியலைன்னு கையை விட்டா போச்சு தம்பி" என்றார். புது போர்டில் நியூட்ரலெல்லாம் பித்தளைப் பட்டைகளில் இறங்குகின்றன. நடுவில் தனி ஃப்யூஸ் கிடையாது.

ஏசி இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் 32 ஆம்பியராகவே போட்டுவிடலாமா என்று கேட்டேன். "ப்ரேக்கர் மிஷினுக்காக இல்ல தம்பி, ஒயருக்காக." 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 10, 2.5க்கு 16 என்று எழுதிக் காட்டினார். மெல்லிய ஒயருக்குப் பெரிய ப்ரேக்கர் போட்டால், அப்பாவின் முறுக்குக் கம்பியையே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்த கதைதான். மோட்டாருக்கு மட்டும் 'சி' வகை வைத்தார். 'பி' வகை மூன்றிலிருந்து ஐந்து மடங்கு கரண்டிலேயே உடனடியாக விழும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டுக்கு அது தாங்காது. 'சி' ஐந்திலிருந்து பத்து மடங்கில் விழும்.

புதுப் பெட்டியைத் திறக்கும் முன்பே, ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்தார். சமையலறை லைன் 1 மெகாஓம்கூடக் காட்டவில்லை, இன்சுலேஷன் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒயரை முழுக்க உருவிப் புதிதாக இழுத்தோம். போர்டைவிட இதற்குத்தான் அதிகம் செலவானது, எனக்கு வருத்தமில்லை. மெயினை ஆஃப் செய்தாலும் மீட்டரிலிருந்து வரும் ஒயரில் கரண்ட் இருக்கும் என்பதால், மின்வாரியத்து ஆள் வந்து சப்ளையை வெட்டிய பிறகுதான் பழைய போர்டில் கைவைத்தார். யூட்யூப் பார்த்துத் தானே செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது படியுங்கள்.

உண்மையான கூத்து, கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி.யை ஏற்றியதும் தொடங்கியது. மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வைத்திருந்தோம். மாடிப்படி லைட்டைப் போட்டால் இரண்டுமே படக்கென்று விழுகின்றன. "புதுசே ஃபால்ட்டு" என்று அப்பாவுக்கு ஒரே குஷி. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை, வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் 0.3 விநாடிக்குள் வெட்டிவிடும். அந்த லைட்டுக்கு யாரோ எந்தக் காலத்திலோ ஃபேஸைக் கீழிருந்தும் நியூட்ரலை மாடியிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். கீழே போன கரண்ட் திரும்பவில்லை. மேலே போகாத கரண்ட் திரும்பி வருகிறது. இரண்டும் விழாமல் என்ன செய்யும்? ஃப்யூஸ் கட்டைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நியூட்ரலைக் கீழ் சர்க்யூட்டுக்கே மாற்றியதும் சரியானது.

எம்.சி.பி. இருக்கும்போது இது வேறு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு ஆளின் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கும் சில பத்து மில்லிஆம்பியர் உயிரை எடுத்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு கணக்கே இல்லை. அதேபோல ஓவர்லோடு ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

கதவின் உள்பக்கம் எது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டினேன். ட்ரிப் ஆனால் என்ன செய்வது என்பதை அம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டார்: எம்.சி.பி. எல்லாவற்றையும் இறக்கு, ஆர்.சி.சி.பி.யை ஏற்று, பிறகு ஒவ்வொன்றாக ஏற்று. எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் மாட்டியிருப்பதையெல்லாம் பிடுங்கிப் பார். இப்படி அவர் பிடித்த முதல் குற்றவாளி, அப்பா தூக்கிப்போட மறுத்துவந்த இஸ்திரிப் பெட்டி.